கடவுளோடு வாய்விட்டுக் கதைத்த நாள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குளக்கட்டு:

எல்லோருக்கும் வணக்கம். இரணைமடுப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கத்தோலிக்கக் குடும்பம். எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே எனக்குச் செபமாலை சொல்லத் தெரியும். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே 'அருள் நிறைந்த மரியே' சொல்வார். சுளகுச் சத்தத்துக்கு நடுவில் நாங்கள் மறுபாதியைச் சொல்வோம். சமயம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சத்தம்தான்.

அம்மா போய் இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து செபம் வாயில் ஓடுகிறது, மனம் அடுத்த நாள் பாடக்குறிப்பில் நிற்கிறது. தவக்காலத்தில் கோவில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் என் பாவங்களைச் சொன்னபோது இதையும் சொன்னேன். கண்டிப்பார் என்று நினைத்தேன். சுவாமி கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை, நீர் ஆண்டவரோட கதைக்கிறீரோ, இல்லாட்டி அவருக்கு வாசிச்சுக் காட்டுறீரோ?"

தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன். வசனம் அனுப்ப வேண்டாம், வசன நாட்காட்டி வீட்டில் இரண்டு தொங்குகிறது. எந்த இடம், எந்த நேரம், என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.


கரைவலை:

வசனம் வேண்டாம் என்று எழுதியதால்தான் நான் வந்தேன். முல்லைத்தீவுக் கரைதான் என் இடம். எங்கள் பாதுகாவலர் இராயப்பர், பேதுரு என்று மற்றவர்கள் சொல்கிற அப்போஸ்தலர். அவரும் தொழிலாளி, எங்களைப்போல வலை பொத்தியவர்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். மேலே எழுதத் தேவையில்லை. அண்ணரின் இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோனது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "கடவுளின்ர சித்தம்" என்றார்கள். அந்தச் சொல்லோடு நான் பூசைக்குப் போவதை நிறுத்தினேன். 2009இல் மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்தபோது பங்கருக்குள் எல்லோரும் செபித்தார்கள், நானும் செபித்தேன். அது பயம். நெருக்கம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

மீள்குடியேறிய பிறகு ஒரு மார்கழி இரவு. வாடைக் காற்று, கடலுக்குப் போக முடியாது. கரையிலுள்ள எங்கள் வாடிக் கொட்டிலில் தனியே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்து வாய்விட்டு ஏசினேன். "நீரும் ஒரு தகப்பனோ? அந்தக் குஞ்சுகள் உமக்கு என்ன செய்ததுகள்?" இங்கே எழுத முடியாத சொற்களும் வந்தன. தொண்டை அடைக்கும் வரை ஏசினேன். வானத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அலைதான் இரைந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால் வாடி வாசலில் எங்களோடு தொழில் செய்கிற பெடியன் நிற்கிறான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். தாய் தகப்பன் இரண்டு பேரையும் 2009இல் இழந்தவன். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவன் ஒன்றும் கேட்காமல் பிளேன்ரீ ஊற்றித் தந்தான். அடுத்த நாள் பின்னேரம் வந்து மெதுவாகக் கேட்டான்: "அண்ணை, இண்டைக்கும் ஏசப் போறியளோ? நானும் வரட்டோ?"

போனோம். இரண்டு பேரும் கரையில் நின்று ஏசினோம். அவன் ஏசத் தொடங்கிப் பாதியில் அழுதுவிட்டான். அந்தக் கிழமை முழுவதும் போனோம். நாலைந்து நாளில் ஏசுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றைக்குப் பிடிபட்ட மீன், வலைக் கடன், அவனுக்குப் பார்த்த பெண் என்று கதை வேறு பக்கம் போனது. யாரோடு கதைக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஞாயிறு பூசைக்குப் போகிறேன், கடைசி வாங்கில். நீட்டுச் செபம் எனக்கு இன்னும் வராது. இராயப்பர் தண்ணீரில் தாழும்போது "ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும்" என்றார். மூன்றே சொல். தாழுகிறவனுக்கு அதற்குமேல் மூச்சு இருக்காது, அது கடற்காரனுக்குத் தெரியும்.


விசுவாசி:

மன்னிக்கவும் சகோதரரே. தேவனுக்கு விரோதமாகப் பேசுவது பாவம். வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலருக்கு என்ன நடந்தது என்று வாசித்துப் பாருங்கள்.


கரைவலை:

வாசித்தேன் தம்பி. வசனம் வேண்டாம் என்று முதல் பதிவிலேயே கேட்டிருக்கிறார்கள்.


பழைய வாத்தியார்:

சண்டை வேண்டாம். நான் மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் பள்ளியிலேயே படிப்பித்து ஓய்வு பெற்றவன், ஒரு சொல் சொல்கிறேன். இஸ்ரவேலர் கூடாரத்துக்குள் இருந்து தங்களுக்குள்ளே முறுமுறுத்தார்கள். அது முதுகுக்குப் பின்னால் கதைப்பது. சங்கீதக்காரன் முகத்துக்கு நேரே கேட்கிறான். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். பெரும்பாலானவை அழுது தொடங்கினாலும் நம்பிக்கையோடு முடியும். 88ஆம் சங்கீதம் அப்படி இல்லை. இருளில் தொடங்கி இருளிலேயே நின்றுவிடுகிறது. அதையும் வேதத்திலிருந்து யாரும் வெட்டி எறியவில்லை.

இன்னொன்று. குளக்கட்டுத் தங்கச்சி, சுவாமி உங்களை "நீர்" என்று கேட்டதைக் கவனித்தீர்களா? தமிழ்நாட்டுக்காரருக்கு அது ஏட்டுச் சொல், பழைய நாடகத்தில் வருகிற சொல். எங்களுக்கு அது அடுப்படிச் சொல். என் ஐயா அம்மாவை ஒருநாளும் "நீ" என்றதில்லை, "நீங்கள்" என்றதுமில்லை. "இஞ்சேரும், நீர் சாப்பிட்டீரோ?" என்பார். மரியாதையும் உரிமையும் ஒரே அளவில் கலந்த சொல் அது. அதே சொல்லால்தான் ஆண்டவரையும் கூப்பிடுகிறோம். நாற்பது வருடம் ஜெபம்பண்ணிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. அதுவரை பிரசங்கியாரின் குரலில் ஜெபம்பண்ணிக்கொண்டிருந்தேன்: தேவரீர், அடியேன், கிருபையாய்க் கண்ணோக்கும். ஒருநாள் நெஞ்சுவலியோடு ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது வாயில் வந்தது, "இஞ்சேரும், நீர் இருக்கிறீரோ?" அப்படியே ஐயாவின் குரல். அதற்குப் பிறகு தேவரீரை விட்டுவிட்டேன்.


வற்றாப்பளையான்:

நான் சைவம். எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். கரைவலை அண்ணை, பயப்படாதேங்கோ. எங்கள் சுந்தரர் கண் பார்வையை இழந்து திருவாரூரில் சிவனோடு போட்ட சண்டையைத்தான் நாங்கள் தேவாரமாகப் பாடுகிறோம். வாத்தியாருக்கும் ஒரு தகவல்: 1850இல் பேர்சிவல் பாதிரியார் அச்சிட்ட தமிழ் பைபிளுக்குத் தமிழ் திருத்தி உதவியவர் எங்கள் ஆறுமுக நாவலர். பிற்பாடு உங்களைக் கண்டித்து எழுதியதும் அவர்தான். நல்ல அயலவன்.


மடு றோட்:

அம்மம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். அவருக்கு 81 வயது.

"2008 சித்திரையில மடு மாதாவின்ர சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனவை. நாங்களும் அப்ப இடம்பெயர்ந்து அந்தப் பக்கம்தான். 1999 கார்த்திகையில மடுக் கோவில் வளவுக்குள்ள ஷெல் விழுந்து, தஞ்சம் எண்டு வந்திருந்த சனம் நாற்பது பேர் வரையில செத்தது. அப்பகூட மாதா அங்கதான் இருந்தவா. இப்ப அவாவும் வெளிக்கிட்டிட்டா எண்டதும் எனக்கு நெஞ்சு விட்டுப்போச்சு. தேவன்பிட்டிக் கோவிலுக்குப் போய்ப் பார்த்தன். சின்னக் கோவில். அம்பது வருசமா மாதாவிட்ட நான் கேட்டதுதான். மழை தா, பிள்ளைக்கு வேலை தா, இவற்ற குடியை நிப்பாட்டு. அண்டைக்கு ஒண்டும் கேக்க வாய் வரேல்ல. 'வந்திட்டியளே அம்மா, வாங்கோ' எண்டன். வீட்டுக்கு வந்த ஆளைக் கூப்பிடுற மாதிரி."

இது அம்மம்மா சொல்லாதது, நான் சேர்ப்பது: அந்தச் சுரூபம் மடுவுக்கு வந்ததே இடம்பெயர்ந்துதான். 1670இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கியபோது மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் வரையில் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்தன. 2008 ஆவணியில் மாதா மடுவுக்குத் திரும்பினா. அம்மம்மா திரும்ப இன்னும் இரண்டு வருடம் எடுத்தது.

"மெனிக் பாம் அகதி முகாமில என்ர செபமாலை இல்லை, வாற வழியில துலைஞ்சு போச்சு. கையில பத்து விரல், ஒரு பத்துக்குப் பத்து மணி. கணக்குச் சரி. தறப்பாளுக்குள்ள வெக்கையில நித்திரை வராது. விரலை மடக்கி மடக்கிச் சொல்லுவன். ஒரு விரலுக்கு ஒரு ஆளை நினைச்சன். சின்ன விரல் காணாமல்போன பேரன். இப்பவும் செபமாலை கையில இருந்தாலும் விரலிலதான் சொல்லுறன்."

பேரன் என்று அவர் சொல்வது என் தமையனை.


கிணற்றடி:

மடு றோட், அம்மம்மாவுக்கு என் அன்பு.

எனது அனுபவம் இவ்வளவு பெரியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். வட்டக்கச்சி. நுண்கடன் மூன்று இடத்தில் எடுத்து, கிழமையில் மூன்று நாள் கட்டுக்காசுக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும் காலம் ஒன்று இருந்தது. உபவாச ஜெபத்துக்குப் போனேன், இரவு ஜெபத்துக்குப் போனேன். ஒரு போதகர் (பெயர் வேண்டாம்) என் விசுவாசக் குறைவுதான் கடனுக்குக் காரணம் என்று மைக்கில் சொன்னார். காணிக்கை போட்டால் கட்டு அவிழும் என்றும் சொன்னார். அதையும் கடன் வாங்கித்தான் போட்டேன். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற விஷயம் இது.

ஒருநாள் எழும்ப முடியாமல் பாயில் கிடந்தேன். அயலில் இருக்கும் அக்கா ஒருவர் வந்தார், எங்கள் சபைதான். கையில் புட்டும் மீன்குழம்பும். ஜெபம்பண்ணப் போகிறார் என்று எழும்பி முக்காடு போட்டேன். "முதல்ல சாப்பிடும்" என்றார். சாப்பிட்டேன். "இப்ப படும்" என்றார். படுத்தேன். பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு ஜெபம்கூட இல்லை!

பிறகுதான் எலியாவின் கதையைப் புதிதாக வாசித்தேன். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்தவனுக்கு தேவதூதன் புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தான், இரண்டாம் முறையும் சாப்பாடு. ஓரேப் மலையும் அந்த மெல்லிய சத்தமும் அதற்கப்புறம்தான். (வசனம் அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும்.)

இப்போது விடிய முன் கிணற்றடியில் இருப்பேன். முதல் வாளியை இறைத்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன். கேட்பதில்லை. கடன் முடிய நாலு வருடம் எடுத்தது, மாடு வித்து, கச்சான் போட்டு, தையல் தைத்து. அற்புதம் நடந்தது என்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். மாட்டைப் பற்றிச் சொல்லட்டோ என்று கேட்டேன். பிறகு கூப்பிடவில்லை.


கொட்டில்:

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கியபோது நானும் போய் இருந்தேன். முருகன் கோவில் வாசலில் இருந்து செபமாலை சொல்கிற ஆள் நான். பக்கத்தில் இருந்த அம்மா கந்தசஷ்டி கவசம் சொல்வார். ஒருவர் தேத்தண்ணிக்கு எழும்பினால் மற்றவர் இரண்டு பிள்ளைகளின் படத்தையும் பிடித்துக்கொள்வார்.

வாத்தியார் சொன்ன 88ஆம் சங்கீதத்தை இன்றிரவு எடுத்து வாசித்தேன். இவ்வளவு காலமும் யாரும் எனக்கு இதைக் காட்டவில்லையே. திரும்ப வாசிக்கப் போகிறேன். வேறு ஒன்றும் எழுத வரவில்லை.


குளக்கட்டு:

கொட்டில் அக்கா, உங்கள் பிள்ளையின் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள். அம்மம்மாவைப் போல ஒரு விரல் வைத்துக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் பதில் எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக நினைக்கிறேன். நேற்றுப் பின்னேரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் சுளகு குசினிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக யாரும் தொடவில்லை, கடையில் கல்லில்லாத அரிசி வாங்குகிறோம். அதை எடுத்துத் தூசு தட்டி, படியில் இருந்து புடைத்துப் பார்த்தேன். எனக்குப் புடைக்கத் தெரியாது. அரிசி முழுக்க முற்றத்தில். சிரிப்பு வந்தது. "இஞ்சேரும், பாரும், அம்மா பார்த்தா என்ன சொல்லுவா" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று தெரிந்தது.

நிறுத்த முடியவில்லை. வவுனியா ஆசுப்பத்திரியில் கடைசி ஒன்பது நாள், அம்மா தண்ணீர் கேட்டது, நான் கொடுக்கக் கூடாது என்று தாதி சொன்னது, நான் கொடுக்காமல் விட்டது. இதை நான் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை, என் கணவருக்கும் சொன்னதில்லை. "ஒரு வாய் குடுத்திருக்கலாம், நீர் ஏன் என்ர கையைப் பிடிச்சனீர்" என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் அவர் எழும்பிப் போய்விட்டார் என்றும் தோன்றவில்லை.

மகன் விளையாடிவிட்டு வந்து, "ஆரோட அம்மா கதைக்கிறீங்கள்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அயல்வீட்டுக் கோழிகள் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிட்டன. அரைக் கொத்து அரிசியாவது போயிருக்கும். நாளைக்குக் கொஞ்சமாக எடுத்து வைக்க வேண்டும்.