மறு: வழுக்கூற்றா, இடறுகூற்றா?

ஹட்டனிலிருந்து:

வணக்கம். எங்கள் சிறு நூலகத்தின் பழைய அங்கத்தவர் பட்டியலைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கூடவே தமிழில் ஒரு கையேடும் எழுதுகிறேன். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். ஏற்றும்போது எந்தக் கூற்றால் (தரவுத்தளத்துக்கு இடும் ஒரு கட்டளையால்) வேலை நின்றதோ, அதற்கு என்ன பெயர் வைப்பது?

'பிழைக்கூற்று' என்று எழுதி ஒரு சாதாரணதரப் பிள்ளையிடம் காட்டினேன். "பிழையான கூற்றைத் தெரிவுசெய்க என்ற கேள்வியா அண்ணா?" என்றாள். 'மூலக்கூற்று' இன்னும் மோசம். மூலக்கூற்றுத் திணிவு படித்தவர்கள் அணுவைத் தேடப் போய்விடுவார்கள்.

பண்டாரவளையிலிருந்து:

தம்பி, ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? பிழையைக் குறிக்கும் வழு என்ற சொல் நம் பாடநூலிலேயே இருக்கிறது. 'வழுக்கூற்று' என்று வைத்துவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் வழு வந்தாலும் நிற்காமல் மேலே போகச் சொல்லும் தெரிவு இருக்கிறதல்லவா, அதற்கு 'வழுவமைதி' என்று இலக்கணத்திலிருந்தே எடுக்கலாம். திணை வழு, பால் வழு எல்லாம் மனப்பாடம் செய்தது வீணாகாது.

ஹட்டனிலிருந்து:

அக்கா, வழுவமைதி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, எடுத்துக்கொள்கிறேன். வழுக்கூற்றில்தான் தயக்கம். எல்லாக் கூற்றுகளையும் ஒரே பரிமாற்றத்துக்குள் (எல்லாம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்கக் கூடாது என்ற ஒரே கட்டுக்குள்) வைத்து ஏற்றினால், முதல் வழுவுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு கூற்றுக்கும் 'நடப்புப் பரிமாற்றம் கைவிடப்பட்டது' என்ற பதில்தான் வரும். திரை முழுக்க வழு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரு தப்பும் செய்யாதவை. கொழுந்துச் சாக்கோடு ஒற்றையடிப் பாதையில் வரிசையாக இறங்கும்போது முன்னால் போகிறவர் சறுக்கினால் பின்னால் வருகிற எல்லோரும் நிற்கத்தான் வேண்டும். சறுக்கியது ஒருவர்தானே?

அந்த ஒருவரைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'இடறுகூற்று' எப்படி? பின்னால் நிற்பவற்றுக்குத் 'தொடர்வழு' போதும்.

எங்கள் இடறுகூற்றின் கதையையும் கேளுங்கள். பட்டியல் பாமினி என்ற, ஆங்கிலக் குறிகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, உண்மையில் ஓர் அரைப்புள்ளி. ஒவ்வொரு கூற்றும் அரைப்புள்ளியில்தான் முடியும். அவற்றைப் பிரிக்க நான் எழுதிய சின்னச் செய்நிரலோ, மேற்கோளுக்குள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், அரைப்புள்ளியைக் கண்ட இடமெல்லாம் வெட்டியது. 'ன்', 'ள்', 'ம்' வந்த பெயரெல்லாம் பாதியில் அறுந்தன. தமிழில் புள்ளி இல்லாத பெயர் எத்தனை கிடைக்கும்! வழங்கியின் (தரவுத்தளம் ஓடும் கணினியின்) நிகழ்வுப் பதிவேட்டில் வழு வரிக்குக் கீழே அந்தக் கூற்றும் அப்படியே எழுதப்பட்டிருந்தது. அறுந்த பெயரைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அதுவரை இரண்டு இரவு, எழுத்துகளைக் கணினி எண்களாக்கும் குறியேற்றத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பண்டாரவளையிலிருந்து:

புள்ளி வைத்ததற்குத் தண்டனையா! சரி, இடறுகூற்று. ஆனால் நம் பக்கம் யார் இடறுகிறார்கள்? சறுக்கி விழுவோம், தடுக்கி விழுவோம்.

ஹட்டனிலிருந்து:

'சறுக்குக்கூற்று' என்று இரண்டு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள் அக்கா, நாக்கே சறுக்கும். ஆனால் இடறுகூற்று எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒரு கோப்பை மொத்தமாக ஏற்றும் காப்பி (COPY) கட்டளையில் ஏற்றினால் கோப்பு முழுவதும் ஒரே கூற்றுதான். 'இடறுகூற்று இதுதான்' என்று சொல்லி அங்கே ஒரு பயனும் இல்லை. நல்லவேளையாக, வழுச்செய்தி கோப்பின் எத்தனையாவது வரி என்று சொல்லிவிடும். அந்த வரிக்கு 'இடறுநிரை' என்று எழுதியிருக்கிறேன்; நிரை என்றால் கிடை வரிசை. தமிழ்நாட்டு நண்பர்கள் இதை நிரலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கணினியில் நிரல் என்றால் அவர்களுக்குச் செய்நிரல், நமக்கு நெடுக்கு வரிசை. இதற்கு யாராவது மறுப்புச் சொல்வதானால் கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.