100 ஜிபி ஜேசான் கோப்பிலிருந்து மூணே மூணு விவரம் எடுக்கணும் (பிஹெச்பி)

கூகைக்கூடு:
பறவைப் பெயர்களுக்கு ஒரு சின்னத் தளம் கட்டுறேன். விக்கித்தரவோட (விக்கிப்பீடியாவோட துணைத் தரவுக் களஞ்சியம்) மொத்த ஜேசான் (தரவை எழுத்தா எழுதுற வடிவம்) கோப்பை ஜிஜிப்பாவே (அமுக்கின வடிவம்) இறக்கிட்டேன், அமுக்கியும் 100 ஜிபிக்கு மேல, மூணு ராத்திரி ஓடுச்சு. வேண்டியது கியூ எண் (ஒவ்வொரு உருப்படிக்கும் உள்ள அடையாள எண்), தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர் (அங்கே அதுக்குக் குறி பி225), அவ்வளவுதான். வெள்ளோட்டமா ஒரு துண்டை வெட்டி ஜேசான்_டீகோட்ல (ஜேசானைப் படிச்சு பிஹெச்பி தரவா மாத்துற ஃபங்ஷன்) போட்டதுமே 128 எம்பி மெமரி வரம்பு தாண்டிடுச்சுன்னு நின்னுபோச்சு. வரம்பை 4 ஜிபி ஆக்கினேன், மடிக்கணினியே உறைஞ்சுடுச்சு.

அரைவேக்காடு:
ஜேசான் மெஷின்னு ஒரு லைப்ரரி இருக்கு, கம்போசர்ல (பிஹெச்பி லைப்ரரிகளை நிறுவுற கருவி) போட்டுக்கலாம். ஃபோர்ஈச் லூப்ல ஒவ்வொரு உருப்படியா கையில கொடுக்கும், மெமரி ஏறாது.

பழையசர்வர்:
நல்ல லைப்ரரிதான், நானும் வேற வேலைக்கு வெச்சிருக்கேன். ஆனா அது முழுக்க பிஹெச்பிலயே எழுதினது. இவ்வளவு பெரிய கோப்பை அதுகிட்ட கொடுத்தா பொங்கலுக்குத் தொடங்கி சித்திரைக்கு முடியும்.

முதல் பத்து வரியைத் திறந்து பாருங்க தம்பி. முதல் வரி வெறும் சதுர அடைப்பு. அப்புறம் ஒரு உருப்படிக்கு ஒரு வரி, கடைசியில ஒரு காற்புள்ளி. அதனால அமுக்கினதை விரிச்சுக் கொடுக்கிற ஜீகேட் கட்டளையை உங்க நிரலுக்கு பைப் பண்ணி, எஸ்டிடின்ல (நிரலுக்குள்ள வர்ற உள்ளீடு) எஃப்கெட்ஸ் போட்டு வரி வரியா வாங்குங்க. ஆர்ட்ரிம்ல காற்புள்ளியை வெட்டிட்டு அந்த ஒரு வரியை மட்டும் டீகோட் பண்ணுங்க.

அதுக்கும் முன்னாடி எஸ்டிஆர்பாஸ்ல (எழுத்துச்சரத்துக்குள்ள தேடுற ஃபங்ஷன்) பி225 இருக்கான்னு பாருங்க, இல்லாத வரியைத் தொடவே வேணாம். நேரம் மிச்சமாகுறது இங்கதான். டீகோட்ல ரெண்டாவது மதிப்பு ட்ரூவா இருக்கட்டும், அப்பதான் ஆப்ஜெக்ட்டுக்குப் பதிலா எல்லாம் அரேயா வரும். பெயரே இல்லாத உருப்படியில லேபிள்ஸ் (பெயர்கள் இருக்கிற பகுதி) வெறும் பட்டியலா வந்தா, ஆப்ஜெக்ட்டா எழுதினவங்க காலை வாரிவிடும்.

கூகைக்கூடு:
நன்றிண்ணா, மெமரி அசையவே இல்லை. ஆனா எஸ்டிஆர்பாஸ்ல 'காடை'ன்னு தேடினா ஒண்ணுகூட மாட்டலையே?

பழையசர்வர்:
மாட்டாது. கோப்புல தமிழ் எழுத்தே கிடையாது, ஒவ்வொரு எழுத்தும் பேக்ஸ்லாஷ் யு போட்ட நாலு இலக்கக் குறிதான். டீகோட் ஆனபிறகு தேடுங்க.

கூகைக்கூடு:
பனங்காடை வந்துடுச்சு! இன்னும் ஓடிட்டிருக்கு, ஃபேன் சத்தத்துல வீட்ல திட்டு.