ஹாலில் பேட் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்கிறார்கள், சனிக்கிழமை நிகழ்ச்சி, அவசரம்

சலங்கைவீடு
வணக்கம். சனிக்கிழமை பிள்ளைகளின் பரதநாட்டிய நிகழ்ச்சி. இன்று காலை ஹால்காரர்கள் மெயில் போட்டிருக்கிறார்கள், நாங்கள் கொண்டுவரும் கரண்ட் சாமானுக்கெல்லாம் பேட் (PAT) சர்டிபிகேட், அதாவது சாமானைச் சோதித்துத் தரும் மின் பாதுகாப்புச் சான்று, இல்லாமல் பிளக் போட விடமாட்டார்களாம். எல்லாமே நன்றாகத்தான் வேலை செய்கிறது. யாரிடம் வாங்குவது? சீக்கிரம் சொல்லுங்கள், மேக்கப், உடுப்பு வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது.

பழையவயர்மேன்
எந்த ஊர் அம்மா? கோவையில் இப்படி ஒரு சர்டிபிகேட்டை யாரும் கேட்டதில்லை. எர்த்தும், கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் ஈஎல்சிபியும் சரியாக இருந்தால் போதும்.

தனியாவர்த்தனம்
பேட் என்றாலே இங்கிலாந்துதான் அண்ணா. அக்கா, என்னென்ன சாமான்? எங்கே வாங்கியது? லைட் உங்களுடையதா, ஹாலுடையதா?

சலங்கைவீடு
லண்டன், ஹாரோ பக்கம். சவுண்ட் மிக்சர், ஸ்பீக்கர் இரண்டு, சுருதிப்பெட்டி, எக்ஸ்டென்ஷன். லைட் ஹாலுடையது. புகை மெஷினும் உண்டு.

ஓம்விதி
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாயிற்று, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் ஒருவருக்கும் இல்லை. 1989ஆம் ஆண்டு வேலையிட மின்சார விதிகள், ஆபத்து வராதபடி சாமானைப் பராமரிக்கச் சொல்கின்றன, அவ்வளவே. வருஷாவருஷம் டெஸ்ட் செய், ஸ்டிக்கர் ஒட்டு என்று அதில் ஒரு வரி கிடையாது. இதை ஹாலுக்கு எழுதி அனுப்புங்கள்.

தனியாவர்த்தனம்
சட்டம் நீங்கள் சொல்வதுதான் ஐயா. ஆனால் ஹாலும் இன்சூரன்ஸும் அவர்களுடையது, நிபந்தனை போட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. விதி பேசிக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் கார் பார்க்கில்தான் ஆட வேண்டும்.

மேடைசவுண்டு
அக்கா, டெஸ்டர் மெஷின் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் யாராவது போதும், இவ்வளவு சாமானுக்கு அரை நாள்கூட ஆகாது. அதற்கு முன் நீங்களே கண்ணால் பாருங்கள், பாதிக்கு மேல் கோளாறு அதிலேயே தெரிந்துவிடும்: வயர் நசுங்கியிருக்கிறதா, பிளக் பக்கம் உள் வயர் வெளியே தெரிகிறதா, 3 ஆம்ப் ஃபியூஸ் போட வேண்டிய இடத்தில் 13 கிடக்கிறதா. பின்பக்கம் சதுரத்துக்குள் சதுரம் அடையாளம் இருந்தால் இரட்டை இன்சுலேஷன், அதற்கு எர்த் சோதனை இல்லை. புகை மெஷின் இரும்பு உடம்பு, அதற்கு எர்த் கட்டாயம் பார்ப்பார்கள். சுருதிப்பெட்டி சென்னையில் வாங்கியதா? உருண்டைக் கம்பி பிளக்கை டிராவல் அடாப்டரில் செருகிக் கொடுத்தால் அங்கேயே ஃபெயில். இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், பிளக்கை மட்டும் மாற்றி 3 ஆம்ப் ஃபியூஸ் போட்டால் போதும்.

பேஸ்பூஸ்ட்
மிக்சரில் ம்ம்ம் என்று இரைச்சல் வருகிறதா? பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் எர்த் வயரைக் கழற்றி விடுங்கள், நின்றுவிடும். நாங்கள் கோயில் கச்சேரிகளில் அப்படித்தான்.

மேடைசவுண்டு
தயவுசெய்து வேண்டாம். பாடுகிறவர் கையில் இருக்கும் மைக்கின் இரும்பு, கேபிள் வழியாக மிக்சர் உடம்போடு சேர்ந்திருக்கிறது. எர்த்தைக் கழற்றிய மிக்சருக்குள் ஒரு வயர் பட்டால் மைக்கில் 230 வோல்ட். பக்கத்தில் ஆடும் பிள்ளை வெறுங்கால், உடம்பெல்லாம் வியர்வை, காலில் சலங்கை, இடுப்பில் ஒட்டியாணம், போகிற போக்கில் ஒரு ஸ்டாண்டைத் தொட்டால் என்ன ஆகும்? இரைச்சலுக்கு எல்லாவற்றையும் ஒரே சாக்கெட் வரிசையில் போடுங்கள், போகாவிட்டால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பாக்ஸ், அதாவது மிக்சருக்கு வரும் ஆடியோ வயரின் நடுவில் வைக்கும் சின்னப் பெட்டி. கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லிஆம்ப் ஆர்சிடி ஒன்றும் இருக்கட்டும்.

பேஸ்பூஸ்ட்
இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயமுறுத்தாதீர்கள்.

ஓம்விதி
ஆகிற அன்று நீங்கள் இங்கே வந்து எழுத மாட்டீர்கள்.

நட்டுவாங்கம்
பாட்டை போனிலிருந்து போட்டுவிட்டுப் போகலாமே, இவ்வளவு பெட்டி எதற்கு?

தனியாவர்த்தனம்
ரெக்கார்டுக்கு ஆடினால் பிள்ளை தாளத்தைத் துரத்துவாள். ஜதி ஒரு அட்சரம் தள்ளினால் போன் காத்திருக்குமா?

நட்டுவாங்கம்
காசு இருப்பவர்கள் பேசுகிற பேச்சு. பக்கவாத்தியத்துக்கு யார் கொடுப்பது?

பழையவயர்மேன்
அப்புறம் அந்த எக்ஸ்டென்ஷன் சுருளா? முழுவதும் அவிழ்த்துப் போடச் சொல்லுங்கள், சுற்றியபடி லோடு கொடுத்தால் சூடேறி உருகும். இதற்கு எந்த நாட்டுச் சட்டமும் வேண்டாம்.

சலங்கைவீடு
இன்று ஆள் வந்து பார்த்தார். எக்ஸ்டென்ஷன் மட்டும் ஃபெயில், புதிது வாங்கிவிட்டோம். சுருதிப்பெட்டிக்கு பிளக் மாற்றியதும் பாஸ். ரிப்போர்ட்டை ஹாலுக்கு அனுப்பியாச்சு. நன்றி.

பேஸ்பூஸ்ட்
எவ்வளவு வாங்கினார்?

தனியாவர்த்தனம்
புகை மெஷின்? அக்கா, ஹால் ஃபயர் அலாரம் பற்றிக் கேட்டீர்களா?