பிரஷர் வெசல் என்று தேடினால் ரத்தக் குழாய் வருகிறது: ஆய்வுப் போக்கு வரைபடத்தில் உதவி தேவை

நாசில்_மீனா:
வணக்கம். மெக்கானிக்கலில் பிஎச்.டி. இரண்டாம் வருடம். பிரஷர் வெசல் என்கிற அழுத்தக் கலனின் ஷெல்லும் (உடல் தகடு) நாசிலும் (குழாய் இணையும் வாய்) சேரும் இடத்தில் வரும் ஸ்ட்ரெஸ்தான் என் தலைப்பு. போன டி.சி. (ஆய்வுக் குழு) மீட்டிங்கில் கைடு, "பழைய பேப்பர்களை வரிசையாகச் சுருக்கி எழுதினால் போதாது. பிரஷர் வெசல் துறையில் ஐம்பது வருஷமாக யார், எங்கே, எதைப் பற்றி எழுதுகிறார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டு" என்று சொல்லிவிட்டார்.

ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடி, சி.எஸ்.வி.யாக இறக்கி, குறிச்சொல் வரைபடம் போடும் விஓஎஸ்வியூவர் மென்பொருளில் போட்டேன். வந்த படத்தைப் பார்த்துத் தலை சுற்றுகிறது. பாதிப் படத்தில் ஒரு பெரிய சிவப்புக் கொத்து: ஹியூமன், ரெட்டினா, ஹைப்பர்டென்ஷன், பிரயாரிட்டி ஜர்னல். பிரஷர் வெசல் அண்ட் பைப்பிங் என்பதன் சுருக்கமாக பி.வி.பி. என்றும் சேர்த்துத் தேடினேன், அதற்கு ஏதோ பாலிமர், நானோ துகள் என்று வந்து குவிகிறது. அதையெல்லாம் கண்ணால் ஒதுக்கிவிட்டு வருடவாரியாகப் பார்த்தால் 2015-ல் மட்டும் ஒரு கூம்பு, அடுத்த வருடமே சரிவு. அந்த வருடம் என்ன நடந்தது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பத்து வருடத்தில் ஹைட்ரஜன், காம்போசிட் என்றே வருகிறது. நாசில் எங்கோ ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. செத்த தலைப்பை எடுத்துவிட்டேனோ என்று இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

நூலகத்து_மேசை:
மீனா, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பொறியியல் கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். இதே சிவப்புக் கொத்தோடு வருடத்துக்கு இரண்டு பேராவது என் மேசைக்கு வருவார்கள்.

இரட்டை மேற்கோள் குறி போடாமல் தேடியிருக்கிறீர்கள். அப்படித் தேடினால் பிரஷர் ஒரு பக்கமும் வெசல் இன்னொரு பக்கமும் இருந்தாலே போதும் என்று ஸ்கோபஸ் எடுத்துக்கொள்ளும். பிளட் பிரஷரும் பிளட் வெசலும் ஒரே சுருக்கத்தில் இல்லாத இதய மருத்துவப் பேப்பர் உண்டா? கப்பலும் ஆங்கிலத்தில் வெசல்தான், அதுவும் கொஞ்சம் வந்திருக்கும். மேற்கோள் குறிக்குள் போடுங்கள், பன்மை தானாகவே வந்துவிடும். பி.வி.பி.யைத் தூக்கியே போட்டுவிடுங்கள். வேதியியல்காரர்களுக்கு அது பாலிவினைல்பைரோலிடோன். நானோ துகள் செய்கிறவர்கள் எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஹியூமன், பிரயாரிட்டி ஜர்னல் எல்லாம் ஆசிரியர்கள் கொடுத்த குறிச்சொற்களே இல்லை. மருத்துவத் தரவுத்தளத்தில் அட்டவணைக்காரர்கள் ஒட்டுகிற சொற்கள். விஓஎஸ்வியூவரில் "எல்லாக் குறிச்சொற்களும்" என்று விட்டிருப்பீர்கள். "ஆசிரியர் குறிச்சொற்கள் மட்டும்" என்று மாற்றிப் பாருங்கள். பிறகு ஒரு தெசாரஸ் கோப்பு தயார் செய்யுங்கள். இரண்டே நெடுவரிசை, முதலில் இருக்கிற சொல், அடுத்து மாற்ற வேண்டிய சொல். எஃப்.இ.ஏ., எஃப்.இ.எம்., ஃபைனைட் எலிமெண்ட் அனாலிசிஸ் மூன்றும் ஒன்றாகட்டும். இரண்டாவது நெடுவரிசையைக் காலியாக விட்டால் அந்தச் சொல் படத்திலிருந்தே போய்விடும்.

2015 கூம்புக்குப் பதில் எளிது. பிரஷர் வெசல் தொழில்நுட்பத்துக்கான சர்வதேச மாநாடு 1969-ல் டெல்ஃப்ட்டில் தொடங்கியது. அதன் பதினான்காவது கூட்டம் 2015-ல் ஷாங்காயில் நடந்தது. கட்டுரைகள் மொத்தமும் புரொசீடியா இன்ஜினியரிங் 130-ஆம் தொகுதியாக ஒரே அடியில் வந்தன. உங்கள் பட்டியலை வெளியீட்டுப் பெயர் வாரியாக அடுக்கினால் கண்ணில் படும்.

நாசில்_மீனா:
மேடம், அடுக்கிப் பார்த்தேன், அதேதான்! மேற்கோள் குறி போட்டதும் சிவப்புக் கொத்து காணாமலே போய்விட்டது. அப்படியென்றால் மாநாட்டுக் கட்டுரைகளை மொத்தமாக நீக்கிவிடலாமா?

நூலகத்து_மேசை:
நீக்காதீர்கள், பிரித்து வையுங்கள். இந்தத் துறையில் அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. வருடா வருடம் நடத்துகிற பிரஷர் வெசல் மாநாடுதான் சந்தை மாதிரி. தொழிற்சாலைக்காரர்கள் அங்கேதான் வாய் திறப்பார்கள். ஆனால் அங்கே படித்த கட்டுரையே கொஞ்சம் விரிந்து அடுத்த வருடம் ஜர்னலிலும் வரும். ஒரே வேலை இரண்டாக எண்ணப்படும். ஜர்னலுக்கு ஒரு கோடு, மாநாட்டுக்கு ஒரு கோடு என்று இரண்டாகப் போடுங்கள்.

தொடக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கும். துறையின் இரண்டு முக்கிய ஜர்னல்களில் ஒன்று 1973-லும், ஏ.எஸ்.எம்.இ.யுடையது 1974-லும் தொடங்கின. அதற்கு முன் ஆய்வே நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பழைய பேப்பர்களில் ஆசிரியர் குறிச்சொல்லும் பெரும்பாலும் இருக்காது.

டிஷ்எண்ட்_தாத்தா:
அம்மா மீனா, நான் திருச்சிப் பக்கம் பாய்லர் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். வரைபடம் போடுவது எனக்குத் தெரியாது. நாசில் செத்துப்போச்சா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நாசிலில் பைப் லோடு வந்தால் எங்கள் டிசைன் ஆட்கள் முதலில் தேடுவது வெல்டிங் ரிசர்ச் கவுன்சிலின் (டபிள்யூ.ஆர்.சி.) புல்லட்டின் 107. 1965-ல் வந்தது. அதற்கு அடிப்படை 1950-களில் பைலார்ட் போட்ட கணக்கு. 1984-ல் 297 வந்தது. 2010-ல் 107-ஐயே 537 என்று புது எண்ணில் கொண்டுவந்தார்கள், அதிலிருந்த வளைவுகளைக் கணினிக்கு ஏற்ற சமன்பாடாக்கி. உலகம் முழுக்க எத்தனை வெசலுக்கு அந்தக் கணக்கு ஓடியிருக்கும்! உன் படத்தில் அது எவ்வளவு பெரிய புள்ளி? இருக்கவே இருக்காது, ஏனென்றால் டிசைன் அறையில் ஓடுகிற கணக்குக்குக் கீழே யாரும் மேற்கோள் எழுதுவதில்லை. எங்கள் தொழிலில் ஒரு விஷயம் முடிவாகிவிட்டால் கோடுக்குள், அதாவது டிசைன் விதிப்புத்தகத்துக்குள், போய்விடும், பேப்பரில் வராது.

கோடு மாறினால் பேப்பர் மறுபடி வரும். 2007-ல் ஏ.எஸ்.எம்.இ. கோடின் செக்‌ஷன் எட்டு டிவிஷன் இரண்டைப் புதிதாகவே எழுதினார்கள். அனுமதிக்கும் ஸ்ட்ரெஸுக்கு இழுவிசை வலிமையை முன்பு மூன்றால் வகுத்தோம், அதற்குப் பிறகு 2.4-ஆல். தகடு மெலிந்தது. உலோகம் நிரந்தரமாக உருமாறுவதையும் சேர்த்துப் பார்க்கும் எலாஸ்டிக்-பிளாஸ்டிக் கணக்குக்கு ஐந்தாம் பாகத்தில் தெளிவாக வழி திறந்தார்கள். 2007-க்கு முன், பின் என்று உன் நாசில் பேப்பர்களை இரண்டாகப் பிரித்துப் பார். எண்ணிக்கையை விடு, கேட்கிற கேள்வி மாறியிருக்கிறதா என்று பார்.

விபத்தும் பேப்பரை வரவழைக்கும். 2010-ல் அமெரிக்காவில் அனகோர்டெஸ் சுத்திகரிப்பு ஆலையில் கார்பன் ஸ்டீல் எக்ஸ்சேஞ்சர் வெடித்து ஏழு பேர் போனார்கள். அதிக வெப்பத்தில் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகத்தை அரித்திருந்தது. 2016-ல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 941 வழிகாட்டியில், வெல்டுக்குப் பின் ஹீட் ட்ரீட்மெண்ட் செய்யாத கார்பன் ஸ்டீலுக்குத் தனி வளைவே சேர்த்தார்கள். அதே மாதிரி 2012-ல் பெல்ஜியத்தில் டூல் 3, டிஹாங்ஜ் 2 ரியாக்டர் வெசல்களில் ஹைட்ரஜன் ஃபிளேக் என்ற உள் விரிசல்களைக் கண்டுபிடித்தார்கள். உன் படத்தில் ஹைட்ரஜன் என்று ஒரே புள்ளியாக இருப்பதில் இதெல்லாம் கலந்து கிடக்கும். காரில் 700 பார் அழுத்தத்தில் ஹைட்ரஜன் அடைக்கிற காம்போசிட் (நாரும் பிசினும் சேர்ந்த) சிலிண்டர் வேறு, சுத்திகரிப்பு ஆலையில் ஸ்டீலைத் தின்கிற ஹைட்ரஜன் வேறு, ஃபோர்ஜிங்கிலேயே தங்கிப்போன ஹைட்ரஜன் வேறு. மூன்றையும் ஒரே குடத்தில் ஊற்றாதே.

வெல்டு_பூனை:
தாத்தா சொன்னது சரி. என் அனுபவம் ஒன்று: நிறுவனப் பெயரைத் துப்புரவு செய்யாமல் இந்தியாவை எண்ணாதீங்க மீனா அக்கா. கல்பாக்கம் அணு ஆய்வு மையம் 1985 வரை ரியாக்டர் ரிசர்ச் சென்டர், அப்புறம்தான் இந்திரா காந்தி பெயர். திருச்சி என்.ஐ.டி. 2003 வரை ஆர்.இ.சி. (ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ்). ஊர்ப் பெயரே திருச்சி, திருச்சிராப்பள்ளி, ட்ரிச்சி என்று மூன்று விதமாக வருது. எனக்கு முதல் தடவை ஒரே வளாகம் நாலு நிறுவனமா நின்னுச்சு.

நம்ம ஆட்கள் பெயர் அதைவிட மோசம். குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் முன்னாடி ஒரு பேப்பரில், பின்னாடி இன்னொரு பேப்பரில். ஒரே முருகன் மூணு முருகனாகவும், மூணு முருகன் ஒரே ஆளாகவும் வருவாங்க. பட்டியலில் மேலே இருக்கிற ஆட்களையாவது கையால் சரிபாருங்க.

தனியார்_கல்லூரி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கல்லூரியில் ஸ்கோபஸ் சந்தாவே இல்லை. வேறு வழி உண்டா?

நூலகத்து_மேசை:
ஓப்பன்அலெக்ஸ் பாருங்கள். 2022-லிருந்து இலவசம், விஓஎஸ்வியூவர் நேராகவே அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் குறிச்சொற்களை நம்பி அதில் படம் போட முடியாது. தலைப்பு, சுருக்கத்திலிருந்து சொற்களைப் பிரித்துத்தான் போட வேண்டும். சத்தம் கூடுதல், தெசாரஸ் வேலையும் கூடுதல்.

நாசில்_மீனா:
எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். ஜர்னலும் மாநாடும் தனித்தனியாக. ஹைட்ரஜனைத் தாத்தா சொன்னபடி மூன்றாக உடைத்தேன், ஒரே புள்ளியாக இருந்தது படத்தின் மூன்று மூலைக்குப் போய்விட்டது. நாசில் இப்போதும் சின்னப் புள்ளிதான். ஆனால் 2007-க்கு முன்னால் அதன் பக்கத்தில் ஸ்ட்ரெஸ் கான்சென்ட்ரேஷன், ஷெல் தியரி. பின்னால் லிமிட் லோடு, ராட்செட்டிங், பிளாஸ்டிக் கொலாப்ஸ், எல்லாம் எலாஸ்டிக் எல்லையைத் தாண்டிய கேள்விகள். கைடிடம் காட்டினேன். படத்தைவிட அந்த இரண்டு பட்டியலைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். "இதை அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் வை" என்றார்.

ஒன்று மட்டும் மிச்சம். இன்று மறுபடி அதே தேடலைப் போட்டால் எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருக்கிறது. தப்பா?

நூலகத்து_மேசை:
தப்பில்லை, தினமும் புதிதாகச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். தேடிய தேதியையும் தேடல் வரியையும் அப்படியே பின்னிணைப்பில் போடுங்கள். முடியாத நடப்பு வருடத்தை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோடு கடைசியில் கீழே விழும். வைவாவில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.