மறு: ‘பைண்டிங் பின்’னுக்குச் சொல் – ‘இறுகுமுளை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். சாவியில்லாமல் பூட்டைத் திறக்கும் கலையின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடி வருகிறோம். அப்படித் திறக்கும்போது முதலில் இறுகி நிற்கும் முளைதான் (பின்) ‘பைண்டிங் பின்’. அதற்கு நான் ‘இறுகுமுளை’ என்றேன். ஒரு நண்பரின் மறுமொழி:

> ‘சிக்குமுளை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. முளை சிக்கிக்கொள்கிறது, அவ்வளவுதானே?

ஐயா, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. சிக்கிக்கொண்டது என்றாலே ஏதோ கோளாறு என்றுதான் காதில் விழும். இங்கே அந்த முளையைத்தான் நாம் தேடிப் போகிறோம். அது கிடைத்தால்தான் வேலையே தொடங்கும்.

கடையில் கிடைக்கும் மலிவான பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம், உள்ளே நான்கு ஜோடி முளை. சாவி நுழையும் உருளை, அதைச் சுற்றிப் பூட்டின் உடல், இரண்டுக்கும் குறுக்கே துளைகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு முளைகள்: ஒன்று சாவியைத் தொடும், மற்றதைச் சுருள்வில் தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி போட்டால் இரண்டு முளைகளும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒன்றிவிடும், உருளை சுழலும். லைனஸ் யேல் இளையவர் 1860களில் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்த அமைப்பு இது. அந்த விளிம்புக்கு (ஆங்கிலத்தில் ‘ஷியர் லைன்’) ‘பிரிகோடு’ என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். ‘வெட்டுக்கோடு’ வேண்டாம், அங்கே எதுவும் வெட்டுப்படுவதில்லை.

துளைகள் அச்சுப் பிசகாமல் ஒரே வரிசையில் இருந்தால் எல்லா முளைகளும் ஒன்றாக இறுகும், நமக்குக் கதவே திறக்காது. மலிவுப் பூட்டில் அப்படி அமைவதில்லை. ஒரு துளை மயிரிழை இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஏதோ ஒரு முளைதான் முதலில் உருளைக்கும் உடலுக்கும் இடையே நெருக்குண்டு நிற்கும். கொக்கிக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மற்றவை வில்லின் துள்ளலோடு போய்வரும், அது மட்டும் விறைப்பாக இருக்கும். மெல்ல எழுப்பினால் ‘டிக்’. சத்தத்துக்கு முன்பே விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். உருளை இம்மியளவு நகர, வில் பக்கத்து முளை அதன் விளிம்பில் உட்கார்ந்துவிடும். சாவி பக்கத்து முளை தொளதொளவென்று ஆடும். அப்புறம் அடுத்த முளை இறுகும்.

விரலுக்கு அது இறுக்கமாகத்தான் தெரிகிறது. அதனால்தான் ‘இறுகுமுளை’ என்கிறேன். முளை அப்படி விளிம்பில் உட்கார்ந்து ‘செட்’ ஆவதற்கு ‘அமர்தல்’ போதும். ஒர்க்‌ஷாப்பில் “பேரிங் உட்கார்ந்துடுச்சு” என்று தினமும் சொல்கிறார்கள், அதே பொருள்தான்.

உருளையைத் திருப்பிப் பிடிக்கும் ‘டென்ஷன் ரெஞ்ச்’சுக்கு வந்த ‘இழுவிசைக் கம்பி’யை நான் ஏற்கவில்லை. அதில் இழுப்பதற்கு எதுவுமே இல்லை, திருப்புகிறோம். ஆங்கிலத்தில் எழுதுபவர்களிலேயே பலர் ‘டென்ஷன்’ (இழுவிசை) தவறு, ‘டார்ஷன்’தான் (முறுக்கு) சரி என்கிறார்கள். பிறகு நாம் ஏன் அந்தப் பிழையைச் சுமக்க வேண்டும்? ‘திருப்புக்கம்பி’ என்று வைப்போம். பெயரே பழக்கத்தையும் சொல்லிக் கொடுக்கும்: புதிதாகப் பழகுகிறவர்கள் கம்பியை ஓங்கி அழுத்துகிறார்கள், எல்லா முளையும் சேர்ந்து இறுகிவிடுகிறது. விரலின் கனமே போதும்.

முளையை அளவுக்கு மேல் எழுப்பிவிட்டால் சாவி பக்கத்து முளையே பிரிகோட்டைக் கடந்து மாட்டிக்கொள்ளும். அழுத்தத்தை விட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். இதற்கு ‘தாண்டல்’. 1818இல் ஜெரமையா சப் செய்த பூட்டு இந்தத் தாண்டலையே பொறியாக வைத்தது: ஒரு லீவர் (முளைக்குப் பதில் சாவி எழுப்பும் தகடு) வரம்புக்கு மேல் எழுந்தால் பூட்டு முடங்கிவிடும், யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உரியவருக்குத் தெரிந்துவிடும். 1851இல் லண்டனில் அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அதையும் திறந்து காட்டினார்.

லீவர் என்றதும் ஒன்று. அதற்கு ‘நெம்பு’ என்று புதிதாகப் படைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் ஊர்ப் பூட்டுகளின் உடலிலேயே ‘7 லீவர்’ என்று பொறித்து விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் பற்றி எழுதும்போது அங்கே வேலை செய்பவருக்குப் புரியாத சொல் எதற்கு?

மொத்தக் கலைக்கும் ‘பூட்டுடைப்பு’, ‘கள்ளத்திறப்பு’ இரண்டும் வந்திருக்கின்றன. இரண்டும் வேண்டாம். எதையும் உடைப்பதில்லை, களவும் இல்லை. நம் சொந்தப் பூட்டில், அதுவும் வாசலில் தொங்காத பூட்டில்தான் பழக வேண்டும்; நோண்டும்போது வில்லோ முளையோ கெட்டுப்போனால் மறுநாள் சாவியே வேலை செய்யாமல் போகலாம். ‘பூட்டவிழ்ப்பு’ என்று முன்மொழிகிறேன். முடிச்சை அவிழ்ப்பதும் கயிற்றை அறுப்பதும் வேறு என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

மிச்சம் இருப்பது ‘ரேக்கிங்’. முளைகளைத் தனித்தனியாகத் தேடாமல், நெளிவுள்ள கம்பியை உள்ளே முன்னும் பின்னும் ஓட்டுவது. மலிவுப் பூட்டுகள் பல இதிலேயே திறந்துகொள்ளும். ‘வருடல்’ மிக மென்மை, ‘சுரண்டல்’ வேறு பொருளுக்குப் போய்விட்டது. ‘அளைதல்’ என்று ஒன்று மனதில் இருக்கிறது. இலங்கை நண்பர்கள் இந்தச் சொல்லை அங்கே எப்படிப் புழங்குகிறீர்கள் என்று சொன்னால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.