மலை ரயிலைப் பற்றி விருந்தாளி சொன்ன ஒரு வார்த்தை

குன்னூர்க்காரி:

வணக்கம். குன்னூரில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். போன வாரம் இங்கிலாந்திலிருந்து வயதான தம்பதி வந்து தங்கினார்கள். தங்கமான மனிதர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறி வந்திருந்தார்கள். டீயும் வர்க்கியும் வைத்தேன். அந்த அம்மா ரயிலைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். கடைசியில் அந்தப் பெரியவர், "எங்கள் ஆட்கள் போட்ட பாதை. இத்தனை வருடம் கழித்தும் நீங்கள் இதை ஓட்டிக்கொண்டிருப்பது ஆச்சரியம்தான்" என்றார். பாராட்டாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அந்த 'ஆச்சரியம்' எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

என் அப்பா அந்த ரயிலில் முப்பது வருடம் பிரேக்ஸ்மேன். மலை ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். முன்னால் பெட்டிக்குப் பெட்டி ஓர் ஆள் பிரேக்கைப் பிடித்தபடி நிற்க வேண்டும். டிரைவர் ஊதுவதைக் காதால் கேட்டுத்தான் இறுக்குவதும் தளர்த்துவதும். சின்ன வயதில் அப்பா வீட்டுக்கு வந்ததும் அவர் கையைப் பிடித்துப் பார்ப்பேன். வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு. ரேகைகளுக்குள் கருப்பு, எந்த சோப்புக்கும் போகாது. ஐப்பசி மழையில் பாதை மேல் மண் சரிந்த நாட்களில் அவர் எப்போது வருவார் என்று தெரியாது. அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பாள்.

இதில் ஒன்றையும் அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இன்னும் மனம் ஆறவில்லை. விருந்தாளி மனம் நோகாமல் என்ன சொல்லியிருக்கலாம்?

பொன்மலைப் பையன்:

அக்கா, முதலில் 'எங்கள் ஆட்கள்' என்றதே பாதிதான் சரி. 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் ரயில் வந்தது வெள்ளைக்காரர் ஆட்சியில்தான். ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை அது ஏறுவது ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் பல்சக்கர முறையில், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பல்வரிசையை எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறும். 12 அடி போனால் ஏறக்குறைய ஓர் அடி ஏறும் மலையில் வேறு எப்படி ஏற முடியும்? பழைய எக்ஸ் ரக நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்தவை.

அப்புறம் முக்கியமான விஷயம். அந்த எஞ்சின்கள் தேய்ந்த பிறகு, 2011-லிருந்து அதே ரகத்தில் எண்ணெயில் ஓடும் புது எஞ்சின்களைச் செய்தது எங்கள் திருச்சி பொன்மலைப் பணிமனை. என் சித்தப்பா அங்கே ஃபிட்டர். முதல் எஞ்சினுக்கு நீராவி ஏற்றிப் பார்த்த அன்று அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை, அதையே பேசிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லுங்கள், தாராளமாக.

கோத்தகிரி ஹட்டி:

கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பெரியவர் மேல் வேண்டாம். 208 வளைவு, 250 பாலம், 16 குகை என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். பாறையை உடைத்த கூலிக்காரர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது நானும் பெருமைப்பட்டேன். உங்கள் அப்பா செய்த வேலை என்னவென்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நாமே சொல்லாததை அவர் எப்படி அறிவார்?

கொடைக்கானல் டிரைவர்:

எங்கள் ஊர் சூரிய ஆய்வகத்துக்கு வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப் போவேன். 1909-ல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தார். எல்லோரும் அந்தப் பெயரைத்தான் கேட்கிறார்கள். அங்கே நூறு வருடத்துக்கும் மேலாக, வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். அதைச் செய்த நம் ஆட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானாகச் சொன்னால் வண்டியில் பேச்சு நின்றுவிடும், உற்றுக் கேட்பார்கள். போட்டவனைவிட விடாமல் ஓட்டுகிறவனுக்குத்தான் பாடு அதிகம் என்பது என் எண்ணம். நீங்களும் சும்மா சொல்லிவிடுங்கள்.

குன்னூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "ஆச்சரியம்தானேம்மா. ஹில்குரோ ஸ்டேஷனுக்கு மேலே மழையில் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கே எத்தனை நாள் அப்படித் தோன்றியிருக்கிறது" என்றார். பொன்மலை எஞ்சின் விஷயத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் பிரான்சிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. அவர்களை ஸ்டேஷனுக்குத் தானே கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். நான் மொழிபெயர்க்க வேண்டுமாம்.