டாப் எண்ட் ரீபில்டு: மேல்முனை வேண்டாம், ‘மேற்கட்டு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

டூ-ஸ்ட்ரோக் ஏடிவி (மணல், மேடு பள்ளத்தில் ஓடும் நாலு சக்கர வண்டி) ஒன்றுக்கான பராமரிப்புக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன், ‘டாப் எண்ட் ரீபில்டு’க்கு, அதாவது என்ஜினின் மேல்பகுதியைக் கழற்றித் தேய்ந்ததை மாற்றிப் பூட்டும் வேலைக்கு, சொல் தாருங்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். மூன்று நாளில் பதினோரு சொற்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லோருக்கும் நன்றி. ‘தலைமாட்டுச் சீரமைப்பு’ என்று எழுதியவருக்குத் தனி நன்றி. அதைப் படித்துவிட்டு என் மனைவி, “அப்போ கால்மாடு எது?” என்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

பெரும்பாலோர் கை தூக்கியது மேல்முனைக்கு.

> எண்ட் என்றால் முனை. டாப் எண்ட் மேல்முனை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. என்ஜினுக்குள்ளே உண்மையாகவே இரண்டு முனை உள்ள பொருள் ஒன்று உண்டு: பிஸ்டனையும் கீழே சுழலும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு. பிஸ்டன் பின் நுழையும் சின்ன வளையம் ஸ்மால் எண்ட், கிராங்கைப் பிடித்திருக்கும் பெரிய வளையம் பிக் எண்ட். அவற்றைச் சிறுமுனை, பெருமுனை என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. அதே பக்கத்தில் ‘மேல்முனையைக் கழற்றவும்’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவன் ராடின் மேல்முனையைத்தான் தேடுவான். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. அந்தச் சோம்பலை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

பெயரைத் தேடும் முன் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். என்னிடம் இருப்பது யமஹா பான்ஷி 350. அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்றது. கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் இன்றும் அதன் சத்தம் கேட்கும். இரண்டு சிலிண்டர், தண்ணீரால் குளிர்வது, 347 சிசி. சிலிண்டர் விட்டம் 64 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54 மி.மீ. நம் ஊரில் 1983-இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350-க்கும் இதே 64, இதே 54. அது காற்றால் குளிர்வது, இது தண்ணீரால் குளிர்வது. இரண்டும் ஒரே குடும்பம்.

தண்ணீரை வடித்து, சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைத் தூக்கி, இரண்டு சிலிண்டர்களையும் மேலே உருவினால் பிஸ்டன்கள் ராடின் உச்சியில் தலையாட்டிக்கொண்டு நிற்கும். உடனே கீழே கிராங்க்கேஸ் (கிராங்க் இருக்கும் பெட்டி) வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிட வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் கிளிப் பேனாவின் ஸ்பிரிங் மாதிரி துள்ளும். துணி இல்லையென்றால் நேரே கிராங்குக்குள் போய் விழும். அப்புறம் முழு என்ஜினையும் பிளக்க வேண்டியதுதான். நாலு ஸ்ட்ரோக் என்ஜின் என்றால் மேலே கேம், வால்வு, செயின் என்று ஒரு குடும்பமே இருக்கும். இதில் ஹெட், சிலிண்டர், பிஸ்டன், ரிங், பின், அதன் பேரிங், இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகள், அவ்வளவுதான். ஒரு பிற்பகலில் பிரித்துவிடலாம்.

சிலிண்டர் போய் உட்காரும் இடத்தில் ஒரு கேஸ்கெட் இருக்கிறதே, அட்டை மாதிரி மெல்லியது, அதுதான் எல்லைக்கோடு. அதற்கு மேலே உள்ளதைத் தனியாகக் கழற்றலாம், தனியாகப் பூட்டலாம். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நான் ‘மேற்கட்டு’ என்கிறேன். செட்டிநாட்டு வீட்டில் முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்கிறோம். ஒரே வீடுதான், ஆனால் ஒவ்வொரு கட்டும் ஒரு முழுப் பகுதி. என்ஜினுக்கும் அப்படியே மேற்கட்டு, கீழ்க்கட்டு. மேற்கட்டி என்று விதானத்துக்கு ஒரு சொல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும், ஸ்பானர் பிடிப்பவன் விதானத்தை நினைக்கப்போவதில்லை.

> பட்டறையில் ஏற்கெனவே ‘ஹாஃப் என்ஜின்’ என்கிறார்களே?

இதுதான் வந்ததிலேயே கனமான கேள்வி. மதுரையில் சித்தப்பா பட்டறையில் ஆர்எக்ஸ் 100 வந்து நின்றால் முதல் கேள்வியே அதுதான்: “ஹாஃப் என்ஜினா, ஃபுல் என்ஜினா?” போரிங் போட்டு (சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கி) பிஸ்டன் மாற்றினால் ஹாஃப், கிராங்கையும் எடுத்தால் ஃபுல். மெக்கானிக்குகள் ‘எண்ட்’ என்ற சொல்லைத் தொடவே இல்லை, கவனித்தீர்களா? அவர்களுக்கும் அந்தக் கேஸ்கெட்தான் கோடு. ஆனால் ஹாஃப் என்ஜின் என்பது வேலையின் பெயர், பொருளின் பெயர் அல்ல. ‘ஹாஃப் என்ஜினில் கீறல் விழுந்திருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. பேச்சில் அது தாராளமாக இருக்கட்டும். கையேட்டில் பொருளுக்கு ஒரு பெயர் வேண்டும்.

அடுத்தது போர்ட். ‘துளை’, ‘திறப்பு’ இரண்டும் வந்தன. துளை என்றால் போல்ட் துளையும் துளைதான். டூ-ஸ்ட்ரோக்கில் நாலு ஸ்ட்ரோக் மாதிரி ஹெட்டில் வால்வு கிடையாது. எரிகலவையும் புகையும் போய்வர சிலிண்டர் சுவரிலேயே வாய்கள், பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதுவே திறந்து மூடுகிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதற்குப் பெயர் தெரியும்: மடை. வரத்துமடை, கடத்துமடை, போக்குமடை என்று வைத்தால் இன்டேக், டிரான்ஸ்ஃபர், எக்ஸாஸ்ட் மூன்றும் விளக்கம் இல்லாமலே விளங்கும்.

மடைக்கு நான் இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் உண்டு. போன ஆண்டு சிலிண்டர்களை 64.25-க்குப் போரிங் செய்யக் கொடுத்தேன். பான்ஷியின் சிலிண்டருக்குள் இரும்புக் குழல் இருப்பதால் இப்படிக் கால் மில்லியாகப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். குழலுக்குப் பதில் நிக்கசில் என்ற கடினமான பூச்சுள்ள சிலிண்டரில் அது நடக்காது. பட்டறையிலிருந்து கண்ணாடி மாதிரி வந்தது. ரிங்கை உள்ளே வைத்து அதன் இரு நுனிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன். 64 மி.மீ. சிலிண்டருக்குக் கால் மில்லிக்குக் குறையக் கூடாது என்பது பொதுக்கணக்கு, கம்பெனிக் கையேட்டில் உள்ள எண்தான் கடைசித் தீர்ப்பு. அதெல்லாம் சரியாக இருந்தது. பிஸ்டன் தலையின் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வைத்துப் பூட்டினேன். நாற்பது நிமிட ஓட்டத்தில் இடப்பக்கச் சிலிண்டரில் கிணுக்கென்று ஒரு சத்தம்.

கழற்றினால் மேல் ரிங் ஒரு பக்கம் உடைந்திருந்தது. போரிங் போட்டதும் மடையின் விளிம்பு பிளேடு மாதிரி கூர்மையாகிவிடும். ரிங் அதைக் கடக்கும்போது கொஞ்சம் வெளியே பிதுங்கும், விளிம்பில் மாட்டும். அந்த விளிம்பை லேசாக மழுக்கிக் கொடுத்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் செய்யவில்லை, நானும் விரலை விட்டுத் தடவிப் பார்க்கவில்லை. பில்லில் ‘சேம்ஃபர்’ என்று அச்சடித்து, பக்கத்தில் டிக் மட்டும் இல்லை. எனவே அதற்கு ‘விளிம்பு மழுக்கல்’ என்றே எழுதியிருக்கிறேன். ‘சாய்வெட்டு’ அழகாக இருக்கிறது, ஆனால் வெட்டச் சொல்வதுபோல் இருக்கிறது. இங்கே வேண்டியது தடவினால் கை அறுக்காத அளவு, அவ்வளவே.

சீஷருக்கு (பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றுவிடுவது) மட்டும் நாம் எதையும் ஆக்கவே வேண்டாம். ‘பிஸ்டன் பிடிச்சிருச்சு’ என்று எல்லாப் பட்டறையிலும் சொல்கிறார்கள். பிடிப்பு. முடிந்தது.

ரீபில்டுக்கு ‘மறுகட்டுமானம்’ என்றார் ஒருவர். பாலம் இடிந்து விழுந்த மாதிரி இருக்கிறது. ‘பழுதுபார்ப்பு’ போதாது, ஏனென்றால் பழுதாகும் முன்பே தேய்ந்ததை மாற்றுவதும் இதில் சேரும். கல்வெட்டில் கோயிலைப் பழுது நீக்கிப் புதுப்பிக்க விட்ட நிலத்துக்குப் புதுக்குப்புறம் என்று பெயர். புதுக்குதல் நம்மிடம் இருக்கிற வினை. ‘மேற்கட்டு புதுக்கல்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். ராடு கீழ்க்கட்டைச் சேர்ந்தது, ஆனால் அதன் சிறுமுனைக்குள் இருக்கும் ஊசி பேரிங்கை மேற்கட்டு வேலையில்தான் மாற்றுகிறோம். அது எந்தக் கட்டு? கோட்டைப் பார்த்தால் மேலே. ராடைப் பார்த்தால் கீழே. உள்ளே வரும் கலவை திரும்பிப் போகாமல் தடுக்கும் ரீட் வால்வும் அப்படித்தான்: பான்ஷியில் அது சிலிண்டரோடு வந்துவிடும், பல மோட்டோகிராஸ் வண்டிகளில் கிராங்க்கேஸில் இருக்கும். பேரிங்கை நான் இப்போதைக்கு மேற்கட்டுப் பட்டியலில் போட்டிருக்கிறேன், ரீட் வால்வை வண்டிக்கு வண்டி பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று மாலை இடப்பக்கச் சிலிண்டரை மறுபடி பூட்டப்போகிறேன், அதற்குள் குறிப்பில் அந்தப் பக்கத்தை எழுதி முடிக்க வேண்டும்.